ஆஞ்சியோடென்சினும் இரத்தக்குழாய் நரம்புகளும்

ஆஞ்சியோடென்சின் இரத்தத்தில் உருவாகும் ஒரு பெப்டைடு ஹார்மோன். எட்டே எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றுவதில், மூலக்கூறுக்கு மூலக்கூறு பார்த்தால், நார்அட்ரினலினைவிட ஏறத்தாழ 40 மடங்கு வலியது. தமனிச் சுவரின் தசையை நேரடியாகச் சுருக்கும் பொருளாகவே இது முதலில் அறியப்பட்டது. அதே சுவரில் ஓடும் பரிவு நரம்புகள் விடுக்கும் சமிக்ஞையையும் இது பெருக்கிவிடுகிறது என்பது கால் நூற்றாண்டு கழித்தே தெரியவந்தது. உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தில் பிறக்கிறதா, நரம்பில் பிறக்கிறதா என்று இரண்டு தலைமுறை ஆய்வாளர்கள் கட்சி பிரிந்து வாதாடினார்கள். அந்த வழக்கு பெருமளவு தீர்ந்தது இந்த இரண்டாவது வேலை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான்.

நரம்பும் தமனியும்

இரத்தக்குழாய்களை நரம்பு ஆள்கிறது என்பதற்கான முதல் தெளிவான சான்று ஒரு முயலின் காதில் கிடைத்தது. பாரிசில் கிளாட் பெர்னார் 1851-இல் முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை அறுத்தார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. மறு ஆண்டு பிரவுன்-செக்கார் அறுபட்ட நரம்பின் மேல்முனைக்கு மின்சாரம் கொடுத்தார். காது வெளுத்துக் குளிர்ந்தது. அதாவது, தமனிகள் எப்போதும் நரம்பின் மெல்லிய பிடியில் இருக்கின்றன. பிடி தளர்ந்தால் விரிகின்றன, இறுகினால் சுருங்குகின்றன. அந்தப் பிடியைக் கொண்டுசேர்க்கும் வேதிப்பொருள் நார்அட்ரினலின் என்பதை ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946-இல் நிறுவினார். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, நார்அட்ரினலின் வேலை முடிந்ததும் மீண்டும் நரம்பு முனைக்குள்ளேயே உறிஞ்சப்படுவதைக் காட்டிய ஜூலியஸ் ஆக்சல்ராடும், நரம்பு முனைகளின் மின் செயல்பாட்டை ஆராய்ந்த பெர்னார்ட் காட்ஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பரிவு நரம்பின் கடைசி இழை தமனிச் சுவரில் தசை அடுக்கின் வெளி ஓரத்தோடு நின்றுவிடும். அது ஒரே முனையாக முடிவதில்லை. ஜெபமாலை மணிகளைப் போல வழிநெடுக வீங்கி வீங்கிச் செல்கிறது. ஒவ்வொரு வீக்கத்துக்குள்ளும் நார்அட்ரினலின் நிரம்பிய நுண்பைகள் கிடக்கின்றன. நரம்புத் துடிப்பு ஒன்று வந்தால் எல்லா வீக்கங்களும் பையைத் திறந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது அப்படியல்ல. ஒரு வீக்கம் ஏறத்தாழ நூறு துடிப்புகளுக்கு ஒருமுறைதான் ஒரு பையைத் திறக்கிறது. ஆகவே துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டாமலே, பை திறக்கும் வாய்ப்பைச் சற்று உயர்த்தினால் போதும், தமனி கூடுதலாகச் சுருங்கும். ஹார்மோன்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

சிறிய மாற்றம் ஏன் பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. குழாயில் பாயும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். நுண்தமனியின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதில் பாயும் இரத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். ஓட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அழுத்தம் ஏறித்தான் ஆக வேண்டும்.

சிறுநீரகத்தின் கட்சி

சிறுநீரக நோயாளிகளின் இதயம் பெருத்திருப்பதையும் நாடி கடினமாக ஓடுவதையும் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் 1836-இல் கவனித்து எழுதினார். அறுபது ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டைகர்ஸ்டெட் என்ற பின்லாந்துக்காரரும் அவருடைய மாணவர் பெர் பெரிமனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து வடித்த சாற்றை இன்னொரு முயலின் சிரையில் செலுத்தினார்கள். அழுத்தம் ஏறியது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியில்தான் அந்தப் பொருள் இருந்தது. கொதிக்க வைத்தால் வீரியம் போய்விட்டது. 1898-இல் அதற்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். டைகர்ஸ்டெட் ஹெல்சின்கிக்குப் போய்விட்டார். ரெனினுக்குத் திரும்பவே இல்லை. மற்றவர்களும் அதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள்.

நினைவுபடுத்தியவர் கிளீவ்லாந்தின் ஹாரி கோல்டுபிளாட். நோய்க்குறியியல் மருத்துவர் என்பதால், உயர் அழுத்தத்தால் இறந்தவர்களின் பிணப் பரிசோதனையில் சிறுநீரகத் தமனிகள் குறுகிக் கிடப்பதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். குறுகல் நோயின் விளைவு என்றே அன்றைய ஆசிரியர்கள் சொன்னார்கள். காரணமாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. திருகி இறுக்கக்கூடிய ஒரு சிறு வெள்ளிக் கவ்வியைச் செய்து நாயின் சிறுநீரகத் தமனியில் பொருத்தினார். 1934-இல் வெளியான முடிவு எளிமையானது: தமனியை முழுவதும் அடைக்காமல் குறுக்கினாலே போதும், நாய்க்கு நிலையான உயர் இரத்த அழுத்தம் வந்துவிடுகிறது.

இது நரம்பு வழியாக நடக்கிறதா? சிறுநீரக நரம்புகளை அறுத்துவிட்டுச் செய்தாலும் அழுத்தம் ஏறியது. பியூனஸ் அய்ரஸில் பெர்னார்டோ ஊசாயும் ஃபாசியோலோவும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கவ்வியிட்ட நாயின் சிறுநீரகத்தை எடுத்து, சிறுநீரகம் அகற்றப்பட்ட இன்னொரு நாயின் கழுத்து இரத்தக்குழாய்களோடு இணைத்தார்கள். ஒட்டிய சிறுநீரகத்துக்கு எந்த நரம்புத் தொடர்பும் கிடையாது. இருந்தும் அழுத்தம் ஏறியது. இரத்தத்தில் ஏதோ ஒன்று கலந்து போகிறது என்பதில் அதன் பிறகு ஐயமில்லை. ‘நரம்புக்கு இதில் வேலை இல்லை’ என்ற தீர்ப்பையும் பலர் இதோடு சேர்த்தே எழுதிவிட்டார்கள். சோதனை காட்டியது முதலாவதை மட்டும்தான்; சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பு தேவையில்லை என்பது வேறு, உடலெங்கும் உள்ள தமனி நரம்புகளுக்குப் பங்கில்லை என்பது வேறு.

கலந்து போகும் பொருளை இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் பிடித்தன. அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனெண்டஸ், ஃபாசியோலோ, லெலுவார், முன்யோஸ் ஆகியோர் அதற்கு ஹைப்பர்டென்சின் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் இர்வின் பேஜும் உடன் பணியாற்றியவர்களும் ஆஞ்சியோடோனின் என்றார்கள். 1940-க்குள் இரண்டும் அச்சேறின. ரெனின் நேரடியாகச் சுருக்கும் பொருளல்ல, அது ஒரு நொதி. இரத்தத்தில் உள்ள பெரிய புரதம் ஒன்றை வெட்டி இந்தப் பொருளை உண்டாக்குகிறது என்பதே இரு குழுவும் கண்டது. ஆளுக்கொரு பெயராகப் பதினெட்டு ஆண்டுகள் ஓடின. 1958-இல் பேஜும் பிரவுன்-மெனெண்டஸும் இரண்டு பெயர்களையும் பாதி பாதியாக ஒட்டி ஆஞ்சியோடென்சின் என்று சமரசம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரவுன்-மெனெண்டஸ் விமான விபத்தில் இறந்துபோனார்.

இடையில் கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸ் வேதியியலைத் தெளிவாக்கினார். ரெனின் முதலில் வெட்டித் தருவது பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் ஒன்று. அதற்குச் சுருக்கும் ஆற்றல் இல்லை. மாற்று நொதி ஒன்று அதன் வாலில் இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கி எட்டு கொண்ட ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது. ஸ்கெக்ஸ் இந்த நொதியை 1956-இல் அறிவித்தார். மறு ஆண்டே பெப்டைடைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். இக்கட்டுரையில் அடைமொழியின்றி ஆஞ்சியோடென்சின் என்று வருவது இந்த எட்டு அமில வடிவத்தையே குறிக்கும்.

கணக்கு உதைத்தது

பொருள் கையில் கிடைத்ததும் ஒரு சங்கடம் எழுந்தது. நாட்பட்ட உயர் அழுத்தம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் ரெனின் அளவு அப்படியொன்றும் கூடுதலாக இல்லை. கவ்வியிட்ட விலங்குகளிலும் முதல் சில நாட்களில் ஏறும் ரெனின் பிறகு இறங்கிவிடும். அழுத்தம் மட்டும் இறங்காது. ஆஞ்சியோடென்சினின் ஆயுளும் குறைவு. இரத்தத்தில் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடும். இவ்வளவு கொஞ்சம் ஹார்மோன் தமனித் தசையை நேரடியாகப் பிடித்து இறுக்கியே இவ்வளவு அழுத்தத்தை நிலைநிறுத்துகிறது என்றால் கணக்கு உதைக்கிறது.

நரம்பின் கட்சியிடம் வேறு வகைச் சான்றுகள் இருந்தன. 1940-களில் பாஸ்டனில் ஸ்மித்விக், முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்புச் சரடுகளை அறுத்து எடுத்து, கடும் உயர் அழுத்த நோயாளிகள் சிலருடைய அழுத்தத்தை இறக்கினார். பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் சர்ப்பகந்தா வேரைப் பயன்படுத்திப் பெற்ற பலனை 1949-இல் பிரிட்டிஷ் இதய இதழ் ஒன்றில் எழுதினார். அதற்கு முன்பே, 1931-இல், சென், போஸ் என்ற இந்திய மருத்துவர் இருவர் அதைப் பற்றி எழுதியிருந்தாலும், மேலை நாடுகளின் கண் திறந்தது வகீலின் கட்டுரைக்குப் பிறகுதான். 1952-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். அது நரம்பு முனையின் நுண்பைகளிலிருந்து நார்அட்ரினலினை வெறுமையாக்கிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. பைகள் காலியானால் அழுத்தம் இறங்குகிறது என்றால், நரம்புக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு கட்சிகளும் தத்தம் சான்றில் சரி. அவற்றை ஒன்றாகப் பார்க்க முயன்றவர்களில் ஒருவர் இர்வின் பேஜ் என்பது கவனிக்கத் தக்கது. ஆஞ்சியோடென்சினைக் கண்டவரே, உயர் அழுத்தம் பல காரணங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் பின்னல் என்று 1949 முதல் வலியுறுத்தி வந்தார்.

பிரிக்கப்பட்ட தலையும் நாயின் பாதமும்

1961 முதல் 1971 வரையிலான பத்தாண்டு இந்த வரலாற்றின் மையம். பிக்கர்டனும் பக்லியும் 1961-இல் செய்த சோதனையை இன்று படித்தாலும் அதன் துணிச்சல் வியக்க வைக்கிறது. ஒரு நாயின் தலைக்குப் போகும் இரத்தம் முழுவதும் இன்னொரு நாயிடமிருந்து வருமாறு குழாய்களை மாற்றி இணைத்தார்கள். தலையையும் அதன் சொந்த உடலையும் இணைப்பவை நரம்புகள் மட்டுமே. தலைக்குப் போகும் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபோது, அந்த ஹார்மோனே போய்ச் சேராத உடலில் அழுத்தம் ஏறியது. நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்தை உடலுக்குக் கொடுத்தால் அந்த ஏற்றம் நின்றது. ஆஞ்சியோடென்சின் மூளையில் பேசி, பரிவு நரம்பு வழியாக ஆணையிடுகிறது.

இரத்தத்தில் உள்ள பெப்டைடு மூளைக்குள் நுழைய முடியாதே என்ற மறுப்புக்கும் சில ஆண்டுகளில் விடை கிடைத்தது. மூளையில் இரத்தத் தடுப்பு இல்லாத சில சின்னஞ்சிறு திட்டுகள் உண்டு. முகுளத்தை ஒட்டிய அத்தகைய ஒரு திட்டை அழித்தால் விளைவு மங்குவதை 1970-இல் ஜாயும் லோவும் காட்டினார்கள். மூளையின் நடுவிலுள்ள இன்னொரு திட்டில் ஆஞ்சியோடென்சின் தாகத்தையே கிளப்பிவிடுகிறது என்பது 1973-இல் வெளிவந்தது.

மூளை ஒருபுறம் இருக்க, தமனியிலேயே என்ன நடக்கிறது? கிளீவ்லாந்தில் மக்கப்பினும் பேஜும் 1963-இல், அழுத்தத்தைத் தானாக ஏற்றாத அளவு சொற்பமான ஆஞ்சியோடென்சினை நாய்களுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தபடியே, நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலினை வெளித்தள்ளும் டைரமினைச் செலுத்தினார்கள். டைரமினின் விளைவு வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் டிக்கின்சனும் லாரன்ஸும், உடனடியாக எந்த மாற்றமும் காட்டாத அளவு ஆஞ்சியோடென்சினை முயல்களுக்குத் தொடர்ந்து நாள்கணக்கில் கொடுத்தால் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவதைக் கண்டார்கள். முன்பு உதைத்த கணக்கு இங்கே நேராகிறது: ஹார்மோன் கொஞ்சமே இருந்தாலும், அது தானே தசையை இறுக்க வேண்டியதில்லை; இறுக்கும் நரம்பை ஊக்கினால் போதும்.

ஊக்குவது எந்த இடத்தில்? நரம்பிலா, தசையிலா? இதைப் பிரித்தறிவது எளிதன்று. ஸிம்மர்மனும் உடன் பணியாற்றியவர்களும் நாயின் பாதத்துக்குப் போகும் பரிவு நரம்பைத் தூண்டி, பாதத்திலிருந்து வெளியேறும் திரவத்தில் நார்அட்ரினலினை அளந்தார்கள். ஆஞ்சியோடென்சின் சேர்த்தபோது அது கூடியது. 1971-இல் ஹியூசும் ராத்தும் கதிரியக்கக் குறியிட்ட நார்அட்ரினலினைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தார்கள். தூண்டுதல் அதே அளவு. வெளிப்படும் சரக்கு மட்டும் அதிகம்.

குடல்தாங்கித் தமனி

இந்தத் துறையின் பெரும் பகுதி ஒரு எலியின் குடல்தாங்கித் தமனியின் மேல் கட்டப்பட்டது என்றால் மிகையில்லை. மெக்கிரிகர் 1965-இல் விவரித்த முறை அது. எலியின் வயிற்றில் மேல் குடல்தாங்கித் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செருகிக் கட்டி, குடலை ஓரத்தோடு வெட்டிவிட்டு, விசிறி போல் விரியும் தமனிக் கிளைகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உயிர்வளி ஏற்றிய வெதுவெதுப்பான உப்புக் கரைசலை ஒரு பம்பு மாறாத வேகத்தில் அதற்குள் செலுத்தும். வேகம் மாறாததால், குழாய் சுருங்கினால் பம்புக்கு எதிரான அழுத்தம் ஏறும். பதிவுத்தாளில் ஒரு மேடு விழும். தமனியைச் சுற்றியுள்ள நரம்பை மின்முனையால் வினாடிக்குச் சில துடிப்புகள் வீதம் தூண்டினால் ஒரு மேடு. நார்அட்ரினலினை ஊசியால் நேராகச் செலுத்தினால் ஒரு மேடு. இப்போது கரைசலில் சொற்ப ஆஞ்சியோடென்சினைக் கலந்து இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும். நரம்புத் தூண்டலின் மேடு நன்றாக உயர்ந்து, ஊசியின் மேடு அவ்வளவாக உயராவிட்டால், ஹார்மோன் வேலை செய்தது நரம்பு முனையில் என்று பொருள். இரண்டும் ஒரே அளவு உயர்ந்தால் தசையில். மூளை இல்லை, சிறுநீரகம் இல்லை, இதயம் இல்லை. கேள்வியும் விடையும் அந்தத் தமனிக்குள்ளேயே முடிகின்றன. ஆய்வாளர்கள் இதை விரும்பியதில் வியப்பில்லை. உடலிலிருந்து பிரித்த தமனி சொல்வதெல்லாம் உடலுக்கும் பொருந்துமா என்ற கேள்வி அதோடு கூடவே வந்தது.

இத்தகைய சோதனைகளிலிருந்து தேறிய சித்திரம் இது. நரம்பு வீக்கத்தின் மேற்பரப்பில் ஆஞ்சியோடென்சினுக்கான முதல் வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து அமர்ந்ததும் செல்லுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடர் கிளம்பி, துடிப்பு வரும்போது நுழையும் கால்சியத்தின் பலனைக் கூட்டுகிறது. நுண்பை திறக்கும் வாய்ப்பு உயர்கிறது. வெளிவந்த நார்அட்ரினலினுக்குத் தசை காட்டும் எதிர்வினையையும் ஆஞ்சியோடென்சின் கூர்மையாக்குகிறது. மீள் உறிஞ்சலையும் அது தடுக்கிறது என்று கைரல்லா முதலியோர் சொன்னார்கள். அதில் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை. நார்அட்ரினலின் தன் வெளியீட்டைத் தானே மட்டுப்படுத்தும் ஏற்பிகளும் அதே வீக்கத்தில் உண்டு என்பது 1970-களில் ஜெர்மனியின் கிளாஸ் ஸ்டார்க்கே உள்ளிட்ட பலரால் நிறுவப்பட்டது. அதுவரை வெறும் வாசலாக நினைத்திருந்த நரம்பு முனை, பல திசைகளிலிருந்து வரும் ஆணைகளைக் கூட்டிக் கழித்து முடிவெடுக்கும் இடம் என்று தெரிந்தது.

இதில் ஒரு சுழலும் உண்டு. சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்பு தூண்டப்பட்டால் அது ரெனினை வெளிவிடச் செய்கிறது. ரெனின் ஆஞ்சியோடென்சினை உண்டாக்குகிறது. ஆஞ்சியோடென்சின் பரிவு நரம்பைத் தூண்டுகிறது. எங்கே தொடங்கினாலும் சுற்றி வந்துவிடும். சிறுநீரகமா நரம்பா என்று கேட்டது கேள்வியின் பிழை.

மற்றப் பெப்டைடுகள்

ஆஞ்சியோடென்சின் மட்டும் இந்த நரம்பு முனையில் வந்து பேசுவதில்லை. 1982-இல் கரோலின்ஸ்காவில் டாடேமோட்டோவும் மூட்டும் பன்றி மூளையிலிருந்து 36 அமினோ அமிலங்கள் கொண்ட நியூரோபெப்டைடு ஒய்யைப் பிரித்தார்கள். இது நார்அட்ரினலினோடு கூடவே பரிவு நரம்பில் சேமிக்கப்பட்டு, நரம்பு வேகமாகத் துடிக்கும்போது கூடவே வெளிவருகிறது. தசையில் அது நார்அட்ரினலினின் வேலையைப் பெருக்கும். நரம்பு முனையில் மேற்கொண்டு வெளியீட்டைத் தடுக்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் முடுக்கி, பக்கத்திலேயே கடிவாளம்.

பிட்யூட்டரியின் வாசோபிரசின் தனியாகப் பார்த்தால் கடும் சுருக்கி. ஆனால் கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் வழியே பரிவு நரம்பை அடக்கும் அனிச்சைச் செயலை அது கூர்மையாக்கிவிடுவதால், முழு உடலில் அதன் வீரியம் மறைந்துபோகிறது. ஆஞ்சியோடென்சின் இதற்கு நேரெதிர். அந்த அனிச்சையை மழுக்குகிறது. கனடாவில் அடால்ஃபோ டி போல்டு 1981-இல் இதய மேலறைச் சாற்றில் கண்ட பெப்டைடு உப்பையும் நீரையும் வெளியேற்றுவதோடு பரிவு நரம்பின் வேகத்தையும் தணிக்கிறது. எண்டோதீலின் 1988-இல் ஜப்பானில் யானாகிசாவா கண்ட 21 அமிலப் பெப்டைடு. அதன் ஏற்பிகளை அடைக்கும் அப்ரோசிடென்டான் 2024-இல் அமெரிக்காவில் உயர் அழுத்தத்துக்கு அனுமதி பெற்றது.

விரிவாகச் சொல்ல வேண்டியது கால்சிடோனின் மரபணு சார் பெப்டைடைப் பற்றி. கால்சிடோனின் என்ற தைராய்டு ஹார்மோனுக்கான அதே மரபணு, நரம்புகளில் வேறு விதமாக வாசிக்கப்பட்டு 37 அமினோ அமிலங்கள் கொண்ட இன்னொரு பெப்டைடைத் தருகிறது என்பது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. 1985-இல் சூசன் பிரெயினும் சகாக்களும் இதை மனிதத் தோலில் மிகச் சொற்ப அளவில் செலுத்திப் பார்த்தார்கள்; மணிக்கணக்கில் தோல் சிவந்து கிடந்தது. இரத்தக்குழாயை விரிப்பதில் இதற்கு ஈடானவை குறைவு.

1988-இல் கவாசாகி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே எலிக் குடல்தாங்கித் தமனியை எடுத்துக்கொண்டார்கள். பரிவு நரம்பை ஒரு மருந்தால் வாயடைத்து, தமனியை இன்னொரு மருந்தால் சுருங்க வைத்துவிட்டு, நரம்பைத் தூண்டினார்கள். தமனி விரிந்தது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினை முன்னதாகக் கொடுத்துவிட்டால் விரிவு நின்றுபோயிற்று. கேப்சைசின் பாதிப்பது உணர்வு நரம்புகளை. வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்லும் நரம்பே, தன் முனையில் இந்தப் பெப்டைடை உதிர்த்துத் தமனியை விரிக்கவும் செய்கிறது. அதுவரை தமனியின் கதை முழுவதும் சுருக்கும் நரம்பின் கதையாகவே எழுதப்பட்டிருந்தது. விரிக்கும் நரம்பும் அருகிலேயே ஓடிக்கொண்டிருந்ததை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

உயர் அழுத்தத்தோடு இதன் தொடர்பு, 1963-இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் ஆவோக்கியும் வளர்த்தெடுத்த எலி வகையில் வெளிப்பட்டது. இந்த எலிகளுக்குக் கவ்வியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். வளர வளரத் தாமாகவே அழுத்தம் ஏறும். வயது கூடக்கூட இவற்றின் தமனிகளில் விரிக்கும் நரம்பின் செயல் குன்றுவதைக் கவாசாகி குழுவினர் 1990-இல் காட்டினார்கள். பிற்கால ஆய்வுகளில், ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகளை நீண்ட நாள் கொடுத்த எலிகளில் அந்தக் குறைவு தவிர்க்கப்பட்டது. ஆஞ்சியோடென்சின் சுருக்கும் நரம்பை ஊக்குவதோடு நில்லாமல் விரிக்கும் நரம்பை ஒடுக்கவும் செய்கிறது என்ற முடிவுக்கு இவை இட்டுச்சென்றன. ஆனால் இந்தப் பெப்டைடுக்கான மரபணுவை நீக்கிய எலிகளில் ஓர் ஆய்வகத்தில் அழுத்தம் ஏறியது, இன்னொன்றில் ஏறவில்லை. ஆகவே இதை உயர் அழுத்தத்தின் காரணம் என்பதைவிட, ஏறிய அழுத்தத்துக்கு எதிரான ஒரு காப்பு என்று கொள்வதே பொருத்தம்.

மனிதரில்

எலியில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது மனிதரில் அத்தனை சுத்தமாக வரவில்லை. முன்கைத் தமனியில் ஆஞ்சியோடென்சினைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகள் சில நரம்பின் விளைவு பெருகுவதைக் கண்டன, சில காணவில்லை. இதை மறைத்து, எலியின் முடிவை அப்படியே மனிதருக்கு எழுதும் பாடநூல்கள் உண்டு, அது முறையல்ல.

வலுவான மனிதச் சான்று வேறு வழியில் வந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த்தும் வால்போவும் 1960-களில் மெல்லிய ஊசி மின்முனையை விழித்திருக்கும் மனிதரின் கால் நரம்புக்குள் செருகிப் பரிவு நரம்பின் துடிப்புகளை நேரடியாகப் பதியும் முறையை உருவாக்கினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்டில் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இம்முறையைப் பயன்படுத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. அவர்களுடைய நரம்புத் துடிப்பு வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. மாற்று நொதியைத் தடுக்கும் எனலாப்ரில் கொடுத்தபோது அழுத்தத்தோடு நரம்புத் துடிப்பும் இறங்கியது. தமனித் தசையைத் தளர்த்தும் அம்லோடிப்பின் கொடுத்தபோதும் அழுத்தம் இறங்கியது. நரம்புத் துடிப்போ ஏறியது. இரண்டு மாத்திரைகளும் அழுத்தமானியில் ஒரே வேலையைச் செய்ததாகவே தெரியும். நரம்பில் கேட்டால் எதிரெதிர்.

மருந்துக்கடைவரை

மாற்று நொதியைத் தடுக்கும் வழி ஒரு பாம்பின் விஷத்தில் கிடைத்தது. பிரேசிலின் செர்ஜியோ ஃபெரேரா 1965-இல் ஜரராகா விரியனின் விஷத்தில் பிராடிகைனின் என்ற பெப்டைடைப் பெருக்கும் கூறு ஒன்றைக் கண்டு, அதை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கே பணியாற்றிய பாக்லே அது ஆஞ்சியோடென்சின் மாற்று நொதியைத் தடுப்பதை 1968-இல் காட்டினார். பிராடிகைனினை அழிக்கும் நொதியும் ஆஞ்சியோடென்சினை ஆக்கும் நொதியும் ஒன்றேதான். ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒண்டெட்டியும் வடிவமைத்த கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு வரும் வறட்டு இருமலுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, அழியாமல் தேங்கும் அந்தப் பிராடிகைனின்தான். ஏற்பியை நேரடியாக அடைக்கும் லோசார்டான் 1995-இல் வந்தது. அதில் இருமல் தொல்லை குறைவு.

நரம்பின் பங்கை நோயாளியிடமே காணலாம். தமனியை நேரடியாகத் தளர்த்தும் ஹைட்ரலசின் கொடுத்தால் அழுத்தம் இறங்கும், உடனே பரிவு நரம்பு விழித்துக்கொண்டு இதயம் படபடக்கும். எனலாப்ரில், லோசார்டான் வகையில் அழுத்தம் இறங்கினாலும் நாடி அநேகமாக ஏறுவதில்லை. நரம்பை உசுப்பும் ஹார்மோனே அடைபட்டுவிட்டது.

நரம்பை நேரடியாகத் தாக்கும் பழைய ஸ்மித்விக் வழியும் புது வடிவில் திரும்பியது. சிறுநீரகத் தமனிக்குள் வடிகுழாயைச் செலுத்தி, சுவரின் வெளிப்புற நரம்புகளை வெப்பத்தால் சுடும் முறையின் முதல் முடிவுகள் 2009-இல் வந்தபோது பெரும் நம்பிக்கை எழுந்தது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வில் அது தோற்றது. கருவிகளைத் திருத்திச் செய்த பிற்கால ஆய்வுகளில் மிதமான பலன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்கா இரண்டு கருவிகளுக்கு அனுமதி அளித்தது.

விரிக்கும் நரம்பின் கதைக்கு மருத்துவமனை எதிர்பாராத ஒரு பின்குறிப்பைச் சேர்த்தது. ஒற்றைத் தலைவலியின்போது கால்சிடோனின் மரபணு சார் பெப்டைடு மிகுவதால், அதன் ஏற்பியை அடைக்கும் எரெனுமாப் ஊசி 2018-இல் தலைவலித் தடுப்புக்கு வந்தது. சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறியதாகத் தகவல்கள் வந்ததால், 2020-இல் அதன் மருந்துக் குறிப்பில் உயர் இரத்த அழுத்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் அழுத்தத்தையும் அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.